முப்பத்தொன்பது போட்ட வெள்ளிக்காசு

காசின் படம் வந்தால் சேவுகன் முதலில் கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பார். படம் தானாகச் சுழன்றுவிடாதபடி திரையை முன்பே பூட்டி வைத்திருப்பார். பிறகு மேஜை விளக்கை அணைப்பார். சட்டை நுனியால் திரையை ஒருமுறை துடைப்பார். வலது கட்டைவிரலைக் காசின் நடுவில் வைத்து மறைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் விளிம்பை மட்டும் பார்ப்பார். ஒரு சுற்று சுற்றி வந்த பிறகுதான் விரல் மெல்ல விலகும். அப்போதும் ராஜா தலைகீழாகத்தான் இருப்பார். தலைகீழாக இருக்கும் ராஜா ராஜா இல்லை. மூக்கு ஒரு மேடு, காது ஒரு பள்ளம், கிரீடம் யாரோ அவசரத்தில் அடைத்த வேலி.

"நேராப் பாத்தா கண்ணு தனக்கு வேணுங்கிறதப் பாத்துரும்" என்று மனைவி அருணாவிடம் ஒருமுறை சொன்னார்.

"அப்ப என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் தலைகீழா நின்னு பாத்திருக்கலாம்ல" என்றாள் அவள்.

இலுப்பூரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஓர் ஆள் உட்கார, ஓர் ஆள் நிற்க இடமுண்டு. சார்ஜாவில் பதினோரு வருடம் இதே வேலை. அங்கே ஒரு வெள்ளிக்கிழமைச் சந்தையில், நம் ஊர் ரூபாய் ஒரு காலத்தில் அந்த நாட்டிலும் செல்லுபடியானது என்று ஒரு கிழவர் சொல்லக் கேட்டு, அந்த ஆச்சரியத்திலேயே ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை வாங்கினார். அறைக்கு வந்து, சர்க்யூட் போர்டு பார்க்கும் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். ராணியின் கன்னமெல்லாம் நீர்க்குமிழி வெடித்ததுபோல் பொடிப்பொடி ஓட்டைகள். உருக்கி ஊற்றிய போலி. ஏமாந்தது சுட்டது. அதைவிட, ஒரு பொய்யை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடிகிறதே என்பது அவரைப் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் அந்தப் போலியும் வந்தது, மைக்ராஸ்கோப்பும் வந்தது.

புதுக்கோட்டையில் கவியரசன் என்பவர் நடத்தும் ஏலக் குழுவில் சேர்ந்தது அதற்குப் பிறகு. வாட்ஸப்பில் நடக்கும் ஏலம். விற்பவர் படம் போடுவார், மற்றவர்கள் தொகை கேட்பார்கள், ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முடியும். விலை உயர்ந்த காசு என்றால் குழுவின் ஆள் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகுதான் ஏலம் செல்லும். இந்தப் பக்கத்துக்கு அந்த ஆள் சேவுகன். அதற்குக் கூலி கிடையாது. 'இலுப்பூர் அண்ணன் பாத்துட்டாரா?' என்று கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் கேட்பார்கள். அது கூலிக்கு மேல்.

ஒரே ஒருமுறை தவறினார். ஆவூரில் மரியசெல்வம் என்று ஓய்வுபெற்ற வாத்தியார். சேவுகன் 'சரி' என்று சொன்னதை நம்பி ஒரு பழைய வெள்ளி ரூபாயை ஏலத்தில் எடுத்தார். ஆறு மாதம் கழித்து அது போலி என்று தெரிந்தது. அச்சில் அடிக்காமல் வார்ப்பில் ஊற்றியது. நிஜ வெள்ளியிலேயே ஊற்றியிருந்தார்கள், எடையும் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. சேவுகன் ஆவூருக்குப் போய், கோயில் வாசலில் வாத்தியாரைக் கண்டு விஷயத்தைச் சொன்னார்.

"விடுங்க தம்பி. நீங்களா ஊத்துனீங்க?" என்றார் வாத்தியார். அதோடு குழுவிலிருந்து விலகிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் சேவுகனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றுமுதல் வெள்ளியில் ஒரு பொடி ஓட்டை தெரிந்தால் போதும், அவருக்குக் கை பின்னால் இழுக்கும்.

*

போன வருடம் புரட்டாசியில் அந்தக் குழுவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருட ரூபாய் ஒன்று ஏலத்துக்கு வந்தது. காசு சேர்ப்பவர்களுக்கு அந்த வருடத்தின் பெயரைச் சொன்னாலே போதும். முப்பத்தெட்டு கிடைக்கும், நாற்பது கிடைக்கும், முப்பத்தொன்பது கிடைக்காது. கிடைக்காததாலேயே போலி அதிகம். முப்பத்தெட்டின் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவார்கள், இல்லையென்றால் மொத்தமாக வார்த்தே விடுவார்கள்.

விற்பவர் பெயர் மதுரைவீரன். குழுவுக்குப் புதிது. யாரோ பழக்கடைக்காரர் சேர்த்துவிட்டாராம். வியாழக்கிழமை ஆரம்பித்த ஏலம் வெள்ளி மத்தியானம் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்தில் நின்றது. கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர்.

கவியரசன் கூப்பிட்டார். "அண்ணே, நாளைக்கு ஒங்க கடைக்கு ஆளு வாராரு. நல்லாப் பாருங்க. இது மட்டும் சரின்னா நம்ம குழு எங்கிட்டோ போயிரும்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா நம்ம மானம் எங்கிட்டோ போயிரும். அம்புட்டுதான்."

சனிக்கிழமை பத்து மணிக்கு மதுரைவீரன் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதில் மடிப்பு மடிப்பாகப் பெட்டியில் கிடந்த தடம். கடைக்குள் வரச் சொல்லியும் படியிலேயே நின்றார். ஸ்டூலைக் காட்டிய பிறகும் அதன் நுனியில்தான் உட்கார்ந்தார். காசு ஒரு மருந்து டப்பாவில் பஞ்சுக்கு நடுவில் இருந்தது.

"எந்த ஊருங்க?"

"கொடும்பாளூருக்கு அங்கிட்டு, சார்."

"என் மாமனார் வீடும் அங்கிட்டுத்தான். என்ன வேலை பாக்குறீங்க?"

"ஊரு வேலைதான் சார்." கொஞ்சம் நிறுத்தி, "அத விட்டுறலாம்னு இருக்கேன். விராலிமலையில ஒருத்தரு லோடு ஆட்டோ குடுக்குறேன்னு சொல்லியிருக்காரு. ரெண்டாங்கைதான், ஆனா வண்டி தங்கம் சார். திங்கக்கெழம வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னு இருக்காரு. எம் பொண்ணு இனியா பிளஸ் டூ படிக்குது. ஸ்கூல்ல அப்பா என்ன வேலைன்னு கேட்டா டிரைவர்னு சொல்லலாம்ல."

ஊர் வேலை என்றால் தண்ணீர் திறந்துவிடுவதோ, சாக்கடை அள்ளுவதோ, பஞ்சாயத்தில் எதுவோ என்று சேவுகன் நினைத்துக்கொண்டார். மேலே கேட்கவில்லை. டப்பாவைத் திறந்தார்.

எடை பார்த்தார். ஒரு துளி குறைவு, தேய்மானம் என்று விட்டுவிடலாம். காந்தம் இழுக்கவில்லை. விளிம்பின் வரிகள் சில இடங்களில் மழுங்கியிருந்தன. விரல்நுனியில் காசை நிறுத்தி இன்னொரு காசால் லேசாகத் தட்டினார். நல்ல வெள்ளி ரூபாய் தட்டினால் கோயில் மணியின் கடைசி இழுப்புபோல் ஓசை நீளும். இது டொக் என்று அங்கேயே செத்தது.

மதுரைவீரன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொருக்கா தட்டுங்க சார்."

இன்னொருமுறை தட்டினார். அதே டொக்.

மைக்ராஸ்கோப்பின் கீழ் தலைகீழாக வைத்தார். எழுத்துகளின் இடுக்கில் வெள்ளைப் பொடி.

"விபூதி போட்டுத் தேய்ச்சீங்களா?"

"வீட்டுல தேய்ச்சுச்சு சார். கறுப்பா இருந்துச்சு, போட்டோவுக்கு நல்லா இருக்கட்டுமேன்னு. தேய்க்கக் கூடாதா?"

சேவுகன் மறுபடி குனிந்து பார்த்தார். ராஜாவின் கன்னத்தில் ஓட்டைகள். கழுத்தில் ஓட்டைகள். மறுபுறம் வருடத்தின் கடைசி இலக்கமான ஒன்பதைச் சுற்றிலும் தரை கொப்புளித்துச் சொரசொரத்திருந்தது. பெட்டியில் கிடக்கும் சார்ஜா ராணி நினைவுக்கு வந்தாள். ஆவூர் கோயில் வாசல் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அவர் உடனே முடிவுக்கு வரவில்லை. ஏழெட்டுப் படங்கள் எடுத்தார். பிறகு நிமிர்ந்து, எப்போதும் கடைசியில் கேட்பதைக் கேட்டார்.

"இது ஒங்களுக்கு எப்படிக் கெடச்சுச்சு?"

"எங்க அப்பா வச்சிருந்தாரு."

"அவருக்கு?"

"அவருக்குக் கெடச்சுச்சு."

"யாரு குடுத்தா? எங்கயாச்சும் வாங்குனாரா? ஏதாவது ஒரு விவரம் இருந்தாச் சொல்லுங்க. காசு கொஞ்சம் சந்தேகமா இருக்கு. விவரம் சரியா இருந்தா நான் அத வச்சுப் பேசலாம்."

மதுரைவீரன் தன் கைகளைப் பார்த்தார். நகங்களை ஒட்டக் கத்தரித்திருந்தார். வெளியே திருச்சி வண்டி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்து போனது.

"விவரம்னு ஒண்ணும் இல்ல சார். அப்பா வச்சிருந்தாரு."

"அவர்ட்ட கேட்டுச் சொல்ல முடியுமா?"

"ஆவணியில தவறிட்டாரு."

சேவுகன் காசைப் பஞ்சில் வைத்து டப்பாவை மூடினார். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத காசு, ஓசை இல்லாத காசு, ஓட்டை விழுந்த காசு. மூன்றையும் கூட்டினால் வேறென்ன வரும்?

"அண்ணே, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. இது அச்சுல அடிச்ச காசு இல்ல. வார்ப்பு. வெள்ளி நல்ல வெள்ளிதான். ஆனா காசு இல்ல."

"போலிங்கிறீங்களா?"

"ஆமா."

"நான் போலி பண்ணலையே சார்."

"ஒங்கள சொல்லல. யாரோ பண்ணியிருக்காங்க."

மதுரைவீரன் எழுந்தார். டப்பாவைச் சட்டைப் பையில் வைத்து, பைக்கு மேல் கையை வைத்துக்கொண்டார். படியிறங்கியவர் திரும்பிக் கேட்டார்: "வேற யார்ட்டயாச்சும் காட்டலாமா சார்? மெட்ராசுல, எங்கயாச்சும்?"

"காட்டலாம். ஆனா அவங்களும் இதத்தான் சொல்லுவாங்க."

இதைச் சேவுகன் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கேள்வி காட்டலாமா என்பது மட்டும்தான். காட்டலாம் என்ற பதிலே போதும். அடுத்த வாக்கியத்தை எது சொல்ல வைத்தது என்று அவர் பிறகு பல நாள் யோசித்தார். மெட்ராசுக்குப் போய் அலைய வேண்டாமே என்ற இரக்கம் என்றுதான் அப்போது நினைத்திருந்தார்.

அரை மணி நேரத்தில் கவியரசன் குழுவில் போட்டுவிட்டார். சிவப்புப் பெருக்கல் குறி. 'போலி. ஏலம் ரத்து. இந்த எண்ணிலிருந்து யாரும் எதுவும் வாங்க வேண்டாம்.' கீழே மதுரைவீரனின் எண். கோயம்புத்தூர்க்காரர் சேவுகனுக்குக் கும்பிடும் கைகளை அனுப்பினார். தஞ்சாவூரிலிருந்து ஒருவர் குரல் பதிவு போட்டார்: "ஏம்ப்பா, ராசாவுக்கு அம்மை போட்டிருக்கு போலயே. வேப்பெலை கட்டுங்கப்பா." சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. சேவுகனும் சிரித்தார்.

*

தை மாதம் அருணாவின் அப்பா ஆண்டியப்பன் இறந்தார். வயல்வரப்பில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எழுபத்தெட்டு வயது. சேவுகன் கடையை மூடி அருணாவோடு போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது.

குளிப்பாட்டி, புதுவேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம் குழைத்து வைத்தார்கள். அதன்மேல் ஒட்ட ஒரு ரூபாய்க் காசு வேண்டும். யாரிடமும் இல்லை. பத்துப் பேர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாப் பயலும் போன்லதானடா காசு வச்சிருக்கீங்க. மாமா நெத்தியில போனையா ஒட்டுறது?" என்று ஒரு பெரியவர் கத்தினார். அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு மறுபடி அழுதாள்.

சேவுகனின் தோள்பையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருட வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. எங்கும் கிடைக்கிற சாதாரணக் காசு. யாருக்கோ கொடுக்க எடுத்து வைத்தது. அதை எடுத்து மாமியாரிடம் நீட்டினார். மாமியார் வாங்கிப் பார்த்தார். "வெள்ளியா மாப்ள? வைங்க. மனுசன் ராசா கணக்காப் போகட்டும்."

சேவுகனே வைத்தார். நெற்றி குளிர்ந்திருந்தது.

சுடுகாட்டுக்கும் போனார். ஆனால் கிட்டத்தில் நிற்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களின் வண்டிகளை ஒழுங்குபண்ணி, சாலையோரத்திலேயே நின்றுகொண்டார். எருவாட்டியும் வைக்கோலும் களிமண்ணும் போட்டு மூட்டிய சிதையைத் தலையில் துண்டு கட்டிய ஒருவர் சுற்றிச் சுற்றி வந்ததை மட்டும் தூரத்திலிருந்து கண்டார்.

மறுநாள் காலையில் பால் தெளிக்கப் போனார்கள். சாம்பலில் தண்ணீர் தெளித்து ஆற்றி, எலும்புகளைப் பொறுக்கி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை வாழையிலையில் வரிசையாக வைத்திருந்தார்கள். மைத்துனன் பால் சொம்போடு முன்னால் நின்றான். தலையில் துண்டு கட்டிய ஆள் சேவுகனைத் தனியே கூப்பிட்டார்.

"சார், இது ஒங்க வீட்டுக் காசு. சாதாரண ரூவான்னா கேக்க மாட்டேன், அது எங்க மொற. இது வெள்ளியா இருக்கு. ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம்னு."

உள்ளங்கையில் காசு இருந்தது. சேவுகனுக்கு முதலில் கண்ணில் பட்டது காசுதான். நேற்று மழமழவென்று இருந்த ராஜாவின் கன்னத்தில் பொடிப்பொடி ஓட்டைகள். கழுத்தில் ஓட்டைகள். வருடத்தைச் சுற்றிலும் கொப்புளம். மேலெல்லாம் கறுப்பு. அவர் அதை வாங்கி, பக்கத்திலிருந்த கல்லின்மேல் போட்டார்.

டொக்.

நிமிர்ந்து பார்த்தார். சாம்பல் படிந்த புருவம். ஒட்ட வெட்டிய நகங்கள்.

"என்னையத் தெரியலையா சார்? இலுப்பூருக்கு வந்தேனே."

"அதுவும்…" என்றார் சேவுகன்.

"ஆமா சார். அதுவும் இப்படித்தான் வந்துச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. கேட்டனே, எப்படிக் கெடச்சுச்சுன்னு கேட்டேனே."

"என்னன்னு சார் சொல்றது?" மதுரைவீரனின் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்பதுபோல் கேட்டார். "பொணத்து நெத்திக் காசுன்னா? கோயம்புத்தூர்க்காரரு காசு குடுத்து வாங்கி வீட்டுல வைப்பாரா? நீங்களே கையில வாங்கியிருப்பீங்களா?"

சேவுகன் கல்லின்மேல் கிடந்த காசைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டி?" என்று கேட்டார், எதையாவது கேட்க வேண்டும் என்று.

"அது அந்தத் திங்கக்கெழமையே வேற ஆளு எடுத்துட்டாரு." மதுரைவீரன் சுற்றும் ஒருமுறை பார்த்தார். புகைந்துகொண்டிருந்த மேடு, சாய்ந்த மண்வெட்டி, தண்ணீர்க் குடம். "அதான் இங்கனயே கெடக்கேன்."

"அந்தக் காசு எங்க?"

"புதுக்கோட்டையில ஒரு பத்தர்ட்ட வெள்ளி வெலைக்குப் போட்டுட்டேன். போலின்னு ஆயிருச்சு, வீட்டுல வச்சு என்ன பண்ண? போங்க சார், பால் ஊத்தக் கூப்பிடுறாங்க."

*

இழவு வீட்டிலிருந்து இலுப்பூருக்குத் திரும்பிய அன்றே சேவுகன் புதுக்கோட்டைக்குப் போனார். கீழ ராஜவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தப் பத்தரைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது.

"வெள்ளி ரூவாயா? புரட்டாசியிலயா?" பத்தர் யோசித்தார். "ஆமா, மருந்து டப்பாவுல கொண்டாந்தாரு ஒருத்தரு. அன்னைக்குச் சாயங்காலமே உருக்கியாச்சுங்களே. கொலுசு ஆர்டர் ஒண்ணு நின்னுச்சு."

"அதுல என்ன வருஷம் போட்டிருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"வெள்ளிக்கு வருஷம் எதுக்குங்க?"

சேவுகன் கிளம்பும்போது பத்தர் தானாகவே சொன்னார்: "தீயில கெடந்த வெள்ளி அது. எடுத்துப் பாத்ததுமே தெரிஞ்சுச்சு. எந்த வீட்டுலயாச்சும் தீப்பிடிச்சிருக்கும்னு நெனச்சேன்."

பத்தருக்குப் பார்த்ததும் தெரிந்திருக்கிறது.

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அன்று எடுத்த படங்களைத் திறந்தார். மாமனாரின் காசைப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே ஓட்டை. வார்ப்புக் காசில் ஓட்டை எழுத்தையும் சேர்த்து மழுங்கடித்திருக்கும். இதில் ஓட்டைக்கு நடுவிலும் எழுத்தின் முனை வெட்டினாற்போல் நின்றது. ஒன்பதின் வால், தெரிந்த நல்ல காசுகளின் படங்களில் எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்தது. புரட்டாசியிலும் இந்தப் படத்தில் இது இருந்திருக்கிறது. நல்ல காசாக இருந்திருக்க வேண்டும் என்று அவருக்கு உறுதியாகப் பட்டது. ஆனால் அதை இனிமேல் யாருக்கும் நிரூபிக்க முடியாது. காசு எந்தப் பெண்ணின் காலிலோ நடந்துகொண்டிருக்கிறது.

கவியரசனைக் கூப்பிட்டார்.

"காசே இல்லாம எப்படிண்ணே நல்ல காசுன்னு போடுறது?" என்றார் கவியரசன். "விடுங்கண்ணே. நாலு மாசமாச்சு, ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது."

"நல்ல காசுன்னு போட வேணாம். என் தீர்ப்பு தப்புன்னு போடு. அவரு எண்ணத் தடைபண்ணுனதையும் எடுத்துவிடு."

"போட்டா ஒங்க பேச்ச நாளைக்கு எவன் நம்புவான்?"

"அது என் பாடு."

கவியரசன் போடவில்லை. சேவுகனே எழுதிப் போட்டார். மூன்று வரி. எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. காசு எங்கே கிடந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. 'தீயில் பட்ட காசை வார்ப்பு என்று தவறாகச் சொல்லிவிட்டேன், விற்றவர் மீது குற்றமில்லை' என்று எழுதினார். யாரும் சிரிப்புப் படம் போடவில்லை. யாரும் எதுவும் போடவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு டச்சுக் காசு ஏலத்துக்கு வந்தபோது அதைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வேறொருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

ஆவூர் வாத்தியாரிடமிருந்து மட்டும் ஓர் அழைப்பு வந்தது. குழுவில் இல்லாதவர். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். "சாப்டீங்களா தம்பி?" என்று கேட்டார். வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

மாமனாரின் முப்பதாம் நாள் காரியத்துக்குப் போனபோது சேவுகன் மதுரைவீரனைத் தேடிப் போனார். சுடுகாட்டுக்கு இந்தப் பக்கம், தனியாகப் பத்துப் பதினைந்து வீடுகள். மாப்பிள்ளையாகிப் பதினாறு வருடத்தில் அந்தத் தெருவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. மதுரைவீரன் வாசலில் கட்டிலைத் துடைத்துப் போட்டார். இனியா தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்கலாமா என்பதுபோல் அப்பாவைப் பார்த்தாள். சேவுகன் கையை நீட்டி வாங்கிக் குடித்தார்.

"வண்டிக்கு என்னால ஆனத நான் போடுறேன். நீங்க வேற வண்டி பாருங்க."

"வேணாம் சார்."

"என்னாலதான போச்சு."

"தப்பாப் பாத்துட்டீங்க. அம்புட்டுதான். அத அந்த வாட்ஸப்புலயும் போட்டுட்டீங்களாம், பழக்கடைக்காரரு படிச்சுக் காமிச்சாரு." மதுரைவீரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க பணம் குடுத்து நான் வாங்குனா, அப்ப ஏமாத்தத்தான் வந்தான்னு ஆயிரும் சார். போலி விக்க வந்தவன்னு ஒரு பேரு இருந்துச்சு, அது போயிருச்சு. இது போதும்."

சேவுகன் இரண்டு முறை மேலும் சொல்லிப் பார்த்தார். மதுரைவீரன் பேச்சை மாற்றி, மாமனாரின் நெல்வயலுக்கு இந்த வருடம் தண்ணீர் எப்படி என்று விசாரித்தார்.

அந்தக் காசு ஏதோ ஒரு பெரிய வீட்டுப் பிணத்தின் நெற்றியிலிருந்து வந்தது என்றே சேவுகன் நினைத்துக்கொண்டிருந்தார். அது பாதிதான் என்பது சித்திரையில் தெரிந்தது. மாமியார் வாசலில் உட்கார்ந்து புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். சேவுகன் பேச்சுவாக்கில் மதுரைவீரனின் பெயரைச் சொன்னார்.

"மதுரவீரனா? நல்ல பய. அவன் அப்பன் அவனுக்கு மேல" என்றார் மாமியார் கையை நிறுத்தாமல். "கெழவன்ட்ட ஒரு வெள்ளிக்காசு இருந்துச்சு மாப்ள. எந்தக் காலத்துலயோ எவரையோ எரிச்சப்பக் கெடச்சதாம். வித்துத் தின்ன மாட்டான். 'ஆத்தா, நான் செத்தா என் நெத்தியிலயும் வெள்ளிக்காசு வைக்கணும்னு எம் மகன்ட்ட சொல்லியிருக்கேன்'னு எங்கிட்டயே சொல்லியிருக்கான். சொன்னது மாதிரியே ஆவணியில செத்தப்ப மகன்காரன் வச்சான். வச்சு, அவனே எரிச்சான். மறுநா அவனே சாம்பலக் கிண்டி எடுத்தான்."

"அவரே எரிச்சாரா?"

மாமியார் தலைநிமிர்ந்து, இது என்ன கேள்வி என்பதுபோல் அவரைப் பார்த்தார்.

"பின்ன? அவங்களுக்கு வேற யாரு வந்து எரிப்பா மாப்ள?"